தன் வாழ்க்கையைத் தானே பார்க்க வைக்கப்பட்ட மனிதன்: 1921ல் வந்த 'தி பாண்டம் கேரேஜ்'

கேள்வி: "சுவீடனில் எடுத்த 'தி பாண்டம் கேரேஜ்' என்ற மௌனப் படத்தைச் சமீபத்தில் பார்த்தேன். உலகின் மிகச் சிறந்த மௌனப் படங்களில் ஒன்று என்கிறார்கள். பேய் வண்டி வரும் தந்திரக் காட்சிகள் அந்தக் காலத்துக்கு நன்றாகவே இருந்தன. மற்றபடி 'குடிக்காதே, கெட்டுப்போவாய்' என்று சொல்லும் பிரசாரக் கதையாகத்தானே இருக்கிறது? இதில் என்ன பெரிய கலை? பெர்க்மன் முதல் குப்ரிக் வரை பெரிய இயக்குநர்கள் எல்லோருடைய பெயரும் ஏன் இந்தப் படத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது?"

உங்கள் கேள்வியில் பாதி சரி. இந்தக் கதை பிரசாரத்துக்காகவே பிறந்ததுதான். அதிலிருந்தே தொடங்கலாம்.

கதையை எழுதியவர் செல்மா லாகர்லெவ். 1909ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். தமிழில் க.நா.சு. மொழிபெயர்த்த 'மதகுரு' நாவலைப் படித்தவர்களுக்கு இவரைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. காசநோய் அப்போது சுவீடனில் வீடு வீடாக ஆட்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. காசநோய் எதிர்ப்புச் சங்கம் ஒன்று, மக்களுக்கு விழிப்பு வரும்படி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அவரிடம் கேட்டது. வேறு யாராக இருந்தாலும் இருமும்போது வாயை மூடு, ஜன்னலைத் திறந்து வை என்று ஒரு நல்லொழுக்கக் கதை எழுதிக் கொடுத்திருப்பார்கள். லாகர்லெவ் 1912ல் எழுதிக் கொடுத்தது ஒரு பேய்க்கதை. சுவீடிஷ் மொழியில் அதன் தலைப்புக்கு 'வண்டியோட்டி' என்று பொருள். படத்துக்கும் அங்கே அதே தலைப்புதான். 'பாண்டம் கேரேஜ்' பிற்பாடு ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர்.

அந்தக் கதையை விக்டர் ஷோஸ்ட்ரோம் படமாக எடுத்தார், அவரே கதாநாயகனாகவும் நடித்தார். 1921 ஜனவரி 1ஆம் தேதி வெளியானது. கதை நடப்பது புத்தாண்டுக்கு முந்தைய இரவில். ஆகவே அன்று தியேட்டருக்குப் போனவர்கள், தாங்கள் அப்போதுதான் கடந்து வந்த நள்ளிரவையே திரையில் பார்த்திருக்கிறார்கள்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். முடிவையும் சொல்லப்போகிறேன், அது இல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது.

எடித் என்ற இளம்பெண் காசநோயில் சாகக் கிடக்கிறாள். அவள் சால்வேஷன் ஆர்மியில் ஊழியம் செய்பவள். நாகர்கோவில் பக்கத்துக்காரர்களுக்கு 'இரட்சணிய சேனை' என்றால் உடனே புரியும், அதே அமைப்புதான். சாவதற்கு முன் டேவிட் ஹோல்ம் என்பவனைப் பார்க்க வேண்டும் என்கிறாள். டேவிட் ஒரு குடிகாரன், அவனுக்கும் காசநோய். அவன் அந்த நேரத்தில் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு கூட்டாளிகளோடு குடித்துக்கொண்டு, ஜார்ஜ் என்ற பழைய நண்பன் தனக்குச் சொன்ன ஒரு கதையை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். வருடத்தின் கடைசி இரவில், மணி 12 அடிக்கும்போது சாகிறவன் அடுத்த ஒரு வருடம் முழுக்க மரணத்தின் வண்டியை ஓட்ட வேண்டும். செத்தவர்களின் ஆன்மாக்களை வாரிக்கொண்டு போவதுதான் வேலை. அந்த வண்டியோட்டிக்கு ஒரு இரவு என்பது பூமியில் நூறு வருடத்துக்குச் சமம். கதையைச் சொன்ன ஜார்ஜ் போன வருடக் கடைசி இரவில்தான் செத்தான்.

எடித் கூப்பிடுகிறாள் என்று ஆள் வந்து சொல்லியும் டேவிட் போக மறுக்கிறான். சாகிறவள் கூப்பிடும்போது போகாமல் இருக்கலாமா என்று குடிகாரக் கூட்டாளிகளே அவனை இழுக்கிறார்கள். அதில் சண்டை வருகிறது, ஒருவன் பாட்டிலால் தலையில் அடிக்கிறான். டேவிட் விழுகிறான், மணி 12 அடிக்கிறது. வண்டி வருகிறது. ஓட்டி வருவது ஜார்ஜ்.

இனிப் படத்தின் பெரும்பகுதியும் ஜார்ஜ் டேவிட்டை அவன் வாழ்ந்த வாழ்க்கைக்குள் கூட்டிக்கொண்டு போவதுதான். மனைவி, இரண்டு குழந்தைகள், தம்பி என்று ஏரிக்கரையில் சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த குடும்பம். குடி, சிறை. போதையில் கொலை செய்துவிட்டுத் தண்டனை வாங்கிய தம்பியைச் சிறை அதிகாரி அவனுக்குக் காட்டுகிறார், அங்கே இருக்க வேண்டியது நீதான் என்கிறார். அடிபட்ட மனதோடு திருந்தி வீட்டுக்கு வந்தால் வீடு காலி. மனைவி குழந்தைகளோடு போய்விட்டாள். அன்று முதல் அவன் ஊர் ஊராகத் தேடுகிறான். அன்பினால் தேடவில்லை, பழிவாங்கத் தேடுகிறான்.

சரி, நீங்கள் சொன்ன தந்திரக் காட்சிகளுக்கு வருவோம். உங்களோடு நான் மாறுபடுவது இங்கேதான். அவை 'அந்தக் காலத்துக்கு நன்றாக' இருந்தவை என்று விட்டுவிட முடியாது.

பேய்களை ஊடுருவிப் பார்க்கும்படி காட்டுவது 1921ல் புதிது கிடையாது. சினிமா பிறந்த சில வருடங்களிலேயே பிரான்சில் மெலியே அதைச் செய்துவிட்டார். செய்முறை இப்படி: காட்சியை ஒரு முறை எடுத்துவிட்டு, கேமராவுக்குள் இருக்கும் அதே ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி, பேயாக வருபவரை மட்டும் அதன் மேலேயே இன்னொரு முறை எடுப்பார்கள். இரண்டாவது முறை பின்னணி கறுப்பாக இருந்தால் அங்கே ஃபிலிமில் எதுவும் பதியாது, ஆள் மட்டும் மெல்லிய படலமாகப் பதிவார். நம் பழைய இரட்டை வேடப் படங்களில் ஃபிரேமில் பாதியை மறைத்து எடுத்ததும் இதற்குச் சொந்தக்கார முறைதான். ஆனால் அப்போது கேமராவுக்கு மோட்டார் கிடையாது, கைப்பிடியைச் சுற்றித்தான் ஓட்ட வேண்டும். முதல் முறை சுற்றிய அதே வேகத்தில் இரண்டாம் முறையும் சுற்ற வேண்டும். எந்த இடத்தில் ஆள் நுழைந்தார், எத்தனையாவது சுற்றில் திரும்பினார் என்று கணக்கு வைத்திருக்க வேண்டும். ஒரு இடத்தில் தவறினால் எல்லாம் போச்சு, இரண்டு பதிவும் ஒரே ஃபிலிமில்தானே இருக்கிறது.

ஒளிப்பதிவாளர் யூலியஸ் யேன்சோன் இதைச் சில ஷாட்களில் நான்கு அடுக்கு வரை கொண்டுபோனார். அடுக்கு எத்தனை என்பதைவிட அதை எங்கே வைத்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மற்ற படங்களில் பேய் ஒரு தட்டையான படம்போல காட்சியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். யேன்சோனின் பேய் அறைக்குள் இருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் போனால் மேசை அதை மறைக்கிறது, இந்தப் பக்கம் வந்தால் அதன் ஊடே மேசை தெரிகிறது. உயிரோடு இருப்பவர்களின் அறைக்கு விளக்கு வெளிச்சம் ஒரு மாதிரி விழுகிறது, அதே அறையில் நிற்கும் ஜார்ஜுக்கு வேறு மாதிரி. இரண்டு உலகமும் ஒரே இடத்தில், ஒன்றையொன்று தொடாமல்.

கடல் காட்சியை நினைத்துப் பாருங்கள். அலையடிக்கும் கடல் மேல் கிழட்டுக் குதிரை பூட்டிய அந்த ஓட்டை வண்டி சாவகாசமாக வருகிறது. தலையை மூடிய அங்கியோடு வண்டியோட்டி இறங்கி, அப்படியே நீருக்கு அடியில் நடந்துபோய், மூழ்கிச் செத்தவனைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அவசரம் இல்லை, பயமுறுத்தல் இல்லை. நாள்முழுக்க மூட்டை தூக்குகிறவன் முகத்தைத் திருப்பாமல் அடுத்த மூட்டையைத் தூக்குவானே, அந்தச் சலிப்பு அவன் நடையில் இருக்கிறது. மரணத்தை ஒரு வேலையாக, அதிலும் களைப்பான வேலையாகக் காட்டியதை நான் அதற்கு முந்தைய எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

இந்தத் தந்திரம்தான் கதையின் உயிர். டேவிட் ஹோல்ம் செய்ததெல்லாம் கையால் செய்தவை: அடித்தான், உடைத்தான், கிழித்தான். செத்தபின் அவனிடம் கை இருக்கிறது, எதையும் தொட முடியவில்லை. கண்ணெதிரே அவன் மனைவி, வாழ வழியில்லாமல், குழந்தைகளுக்கும் தனக்கும் விஷம் கலக்கிறாள். தடுக்கச் சொல்லி ஜார்ஜிடம் கெஞ்சுகிறான். உயிரோடு இருப்பவர்கள்மேல் எனக்கு அதிகாரம் இல்லை என்கிறான் ஜார்ஜ். டேவிட்டின் ஊடே அடுப்பும் சுவரும் தெரிகின்றன. கத்துகிறான், அவள் காதில் விழவில்லை. குற்ற உணர்வை இதைவிடத் துல்லியமாக எப்படிப் படமெடுப்பது? நடந்ததை மறுபடி பார்க்கலாம், தொட முடியாது. ஊடுருவிப் பார்க்கும்படி ஆனவன் கதாநாயகன்தான். அதற்காகத்தான் அந்தத் தந்திரம் இந்தப் படத்துக்குத் தேவைப்பட்டது.

யோசித்தால், இருட்டில் உட்கார்ந்து படம் பார்க்கிற நாமும் அந்த நிலையில்தான் இருக்கிறோம். அவள் விஷத்தை எடுக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. டேவிட்டைப் போலவே பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருக்க முடிந்தது.

இனிக் கதை சொல்லும் முறை. ஃப்ளாஷ்பேக் அப்போதே எல்லோருக்கும் தெரிந்த உத்திதான். ஆனால் இங்கே ஃப்ளாஷ்பேக்குக்குள் ஃப்ளாஷ்பேக் வருகிறது. கல்லறைத் தோட்டத்தில் டேவிட் கதை சொல்கிறான், அவன் கதைக்குள் ஜார்ஜ் உட்கார்ந்து கதை சொல்கிறான், அந்தக் கதைக்குள் வண்டியோட்டி கடலில் இறங்குகிறான். நம் பாட்டிகள் சொல்லும் விக்கிரமாதித்தன் கதையில் பதுமை ஒரு கதை சொல்ல, அதற்குள் வேதாளம் இன்னொன்று சொல்லுமே, அதுபோல. இடையிடையே திரையில் வரும் எழுத்து அட்டைகளை மட்டும் நம்பி, பேச்சே இல்லாமல் ஓடும் படத்தில் இதைக் குழப்பம் இல்லாமல் நடத்தியிருக்கிறார்கள். அதோடு, எந்தச் செய்தியை எப்போது தருவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. எடித் ஏன் இவனைக் கூப்பிடுகிறாள் என்பது முதல் காட்சியிலேயே எழும் கேள்வி. பதில் வெகுநேரம் வருவதில்லை. வரும்போது டேவிட் போட்டிருக்கும் கோட்டின் வழியாக வருகிறது.

அந்தக் கோட்டுக் காட்சியைப் பற்றி எத்தனை சொன்னாலும் எனக்குப் போதாது.

ஒரு வருடம் முன்பு, எடித் அந்த ஊரில் புதிதாகத் திறந்த விடுதியில், முதல் புத்தாண்டு இரவு. இங்கே முதலில் வரும் விருந்தாளிக்கு இந்த வருடம் நல்ல வருடமாக இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்கிறாள். முதலில் வருபவன் டேவிட். அழுக்கு, கிழிசல், இருமல். அவன் தூங்கியபின் அவன் கோட்டை எடுத்துவைத்துக்கொண்டு இரவு முழுக்கத் தைக்கிறாள். ஒட்டுப் போடுகிறாள், பட்டன் வைக்கிறாள். அந்தக் கோட்டிலிருந்துதான் அவளுக்கு நோய் ஒட்டிக்கொண்டது என்று படம் நமக்கு உணர்த்துகிறது. காலையில் அவன் எழுந்து கோட்டைப் பார்க்கிறான், யார் தைத்தது என்று கேட்கிறான். அவளையே கூப்பிடச் சொல்லி, அவள் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு ஒட்டாகப் பிய்த்துப் போடுகிறான். எனக்குக் கிழிந்த கோட்டுதான் பழக்கம் என்கிறான். அவள் அழவில்லை. அடுத்த புத்தாண்டு இரவில் வாருங்கள், என் வேண்டுதல் பலித்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறாள். கடவுள் உன்னையும் உன் வேண்டுதலையும் கண்டுகொள்ளவில்லை என்று காட்டவே வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

இதைப் பிரசாரம் என்று ஒதுக்க முடியுமா? பிரசாரக் கதையில் குடிகாரன் தள்ளாடுவான், மனைவியை அடிப்பான், கடைசியில் தெருவில் விழுந்து கிடப்பான். இந்தக் காட்சியில் டேவிட் குடித்துவிட்டுப் பேசவில்லை. தூங்கித் தெளிந்து எழுந்த காலையில், முழு நிதானத்தோடு அந்த ஒட்டுகளைப் பிய்க்கிறான். கருணையைத் தாங்க முடியாத ஒரு மனம் அது. தன்மேல் யாரோ அன்பு வைத்தால், வைத்தவரைத் தண்டிக்கத் தோன்றும் மனம். குடி அதற்குக் கிடைத்த சாக்கு. இருமும்போது வேண்டுமென்றே மற்றவர் முகத்தில் இருமுகிறான், நான் மட்டும் ஏன் சாக வேண்டும் என்று. லாகர்லெவிடம் காசநோய்ப் பிரசாரம் கேட்டவர்களுக்கு நோய்த்தொற்று பற்றிய பாடம் இதில் கிடைத்துவிட்டது. ஆனால் தொற்றிப் பரவுவது கிருமி மட்டும்தானா என்ற கேள்வியையும் அவர் உள்ளே வைத்துவிட்டார்.

அப்புறம் கோடரிக் காட்சி. உங்கள் கேள்வியில் குப்ரிக் பெயர் வந்ததற்குக் காரணம் இதுதான். எடித் நல்லது செய்வதாக நினைத்து, கணவனையும் மனைவியையும் மீண்டும் சேர்த்துவைக்கிறாள். அது நரகமாகிறது. தூங்கும் குழந்தைகளின் பக்கம் போய் அவன் இருமும்போது மனைவி தடுக்கிறாள். கடைசியில் அவனைச் சமையலறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஓடப் பார்க்கிறாள். அவன் கோடரியை எடுத்துக் கதவுப் பலகையைப் பிளக்கிறான். 1980ல் குப்ரிக் எடுத்த 'தி ஷைனிங்' படத்தில் ஜாக் நிக்கல்சன் குளியலறைக் கதவைப் பிளக்கும் காட்சியோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பலரும் பார்த்திருக்கிறார்கள். கதவு, பலகையில் விழும் ஓட்டை, அந்தப் பக்கம் பதறும் மனைவி, எல்லாம் அப்படியே பொருந்தும். ஆனால் இதை முதலில் கண்டுபிடித்தவர் ஷோஸ்ட்ரோம் என்று சொல்வது சரியாகாது. 1919லேயே அமெரிக்காவில் கிரிஃபித் எடுத்த 'புரோக்கன் பிளாஸம்ஸ்' படத்தில், மகள் ஒளிந்திருக்கும் அறைக் கதவை அப்பன் கோடரியால் உடைப்பான்.

என்னைக் கேட்டால், ஷோஸ்ட்ரோமின் காட்சியில் கதவு உடைவதைவிடப் பெரியது அதற்குப் பின் நடப்பது. மனைவி மயங்கி விழுகிறாள். கோடரியோடு வந்தவன் அதைக் கீழே போட்டுவிட்டு, அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறான். கண் விழித்ததும், போன தடவை மாதிரி அவ்வளவு சுலபமாக ஓடிவிட முடியாது என்று அவளைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறான். அந்தத் தண்ணீர்தான் என்னை உலுக்கியது. ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கிறது. இப்படிப்பட்ட வீடுகளை வெளியிலிருந்தாவது பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

மனைவியாக நடித்தவர் ஹில்டா போர்க்ஸ்ட்ரோம். இவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1913ல் ஷோஸ்ட்ரோம் 'இங்கெபோர்க் ஹோல்ம்' என்ற படம் எடுத்தார். கணவன் செத்தபின் கடனில் மூழ்கி, ஏழைகள் விடுதிக்குத் தள்ளப்பட்டு, குழந்தைகளைப் பிரிந்து புத்தி பேதலிக்கும் ஒரு தாயின் கதை. அதிலும் நாயகி இவர்தான். ஏழைகளைச் சட்டம் நடத்தும் விதம் பற்றி அந்தப் படம் சுவீடனில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அது வந்த ஐந்தாவது வருடம், 1918ல், அங்கே ஏழைகள் நலச் சட்டம் மாற்றி எழுதப்பட்டது. ஒரு படத்தால்தான் சட்டம் மாறியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விவாதத்தில் அந்தப் படத்துக்கு இடம் இருந்தது. சினிமா என்றால் சர்க்கஸ் மாதிரி ஒரு வேடிக்கை என்று நினைத்த காலத்தில் ஷோஸ்ட்ரோம் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தார் என்பதற்காகச் சொல்கிறேன். 'பாண்டம் கேரேஜ்' திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை.

குடி விஷயமும் அப்போதைய சுவீடனில் வெறும் நீதிபோதனை கிடையாது, நாட்டையே இரண்டாகப் பிளந்த அரசியல். மது அட்டை வைத்திருப்பவர்களுக்கே சாராயம், அதுவும் அளவோடு என்று ரேஷன் நடந்துகொண்டிருந்தது. படம் வந்து ஒன்றரை வருடம் கழித்து, 1922 ஆகஸ்ட் 27ல், முழு மதுவிலக்கு வேண்டுமா என்று மக்களிடம் வாக்கெடுப்பே நடத்தினார்கள். வேண்டாம் என்றவர்கள் 51 சதவீதம், வேண்டும் என்றவர்கள் 49. அப்படிப்பட்ட ஊரில் ஒரு குடிகாரனை வில்லனாகவும் காட்டாமல், பரிதாபத்துக்குரிய பலியாளாகவும் காட்டாமல் எடுப்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

படம் எடுத்த விதத்தில் ஒரு நிகழ்ச்சி எனக்குப் பிடிக்கும். லாகர்லெவின் கதைகளைத் தொடர்ந்து படமாக்க சுவீடிஷ் சினிமாக் கம்பெனி அவரோடு ஒப்பந்தம் வைத்திருந்தது. ஷோஸ்ட்ரோம் திரைக்கதையை எழுதி எடுத்துக்கொண்டு 1920 வசந்தத்தில், மோர்பாக்கா என்ற அவருடைய வீட்டுக்கே போய், உட்கார்ந்து முழுவதையும் வாசித்துக் காட்டினார். பெரிய எழுத்தாளர் முன்னால் தானே நடித்துக் காட்டுவதுபோல் இரண்டு மணி நேரம். ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. லாகர்லெவ் இளமையில் லான்ட்ஸ்க்ரோனா என்ற ஊரில் ஆசிரியையாக இருந்தவர். கதையை அந்த ஊரிலேயே போய் எடுக்க வேண்டும் என்று விரும்பினார். ஷோஸ்ட்ரோம் அதுவரை இயற்கையைப் படமெடுப்பதில் பேர்போனவர், பனியும் மலையும் கடலும் அவர் படங்களில் பாத்திரங்களாகவே வரும். அவரே இந்த முறை ஸ்டூடியோ வேண்டும் என்றார். ஸ்டாக்ஹோம் பக்கத்தில் ரோசுண்டாவில் புதிதாகக் கட்டியிருந்த ஸ்டூடியோவில் செட் போட்டு எடுத்தார்கள். ஏன் என்பது புரிகிறது. இரவு, விளக்கு, ஒரே இடத்தை இரண்டு மூன்று முறை இம்மி பிசகாமல் எடுக்கும் வேலை, இதையெல்லாம் காற்றும் வெயிலும் மாறிக்கொண்டிருக்கும் தெருவில் செய்ய முடியாது. படத்தில் சந்துகளும் கல்லறைத் தோட்டமும் ஒரு கனவின் இறுக்கத்தோடு இருப்பதற்கு அந்த முடிவுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நடிப்பு பற்றி ஒரு வார்த்தை. மௌனப் படம் என்றால் கண்ணை உருட்டுவது, நெஞ்சில் அடித்துக்கொள்வது என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. டேவிட்டாக ஷோஸ்ட்ரோமைப் பாருங்கள். ஆள் கனத்த உடம்பு. அவர் அந்தக் கனத்தை வைத்தே நடிக்கிறார். ஒரு நாற்காலியில் எப்படிச் சரிகிறார், ஒரு பெண் பேசும்போது எப்படி வேறுபக்கம் பார்த்துக்கொண்டு வாய் ஓரத்தில் சிரிக்கிறார், எல்லாம் இன்றைய கேமராவுக்கு முன்னாலும் நிற்கும். எடித்தாக வரும் டென்மார்க் நடிகை ஆஸ்ட்ரிட் ஹோல்ம் சில இடங்களில் தேவதைபோல அசையாமல் நின்றுவிடுகிறார். அதை ஒரு குறையாகவே பார்க்கிறேன். சாகும் படுக்கையில், இந்த மனிதனைத் தான் நேசித்ததாக அவள் ஒப்புக்கொள்ளும் காட்சியில் மட்டும் அந்தத் தேவதை உடைந்து ஒரு பெண் வெளியே வருகிறாள். கை கால் கட்டப்பட்டுத் தரையில் கிடக்கும் டேவிட் அதைக் கேட்கிறான், கட்டு அவிழ்கிறது, மண்டியிடுகிறான். அவள் உயிர் போகும்போது ஜார்ஜ் அவளை வண்டியில் ஏற்றுவதில்லை. இவளைக் கொண்டுபோக எனக்கு உரிமை இல்லை, வேறு யாரோ வருவார்கள் என்கிறான். அந்த 'வேறு யாரோ' யார் என்று படம் காட்டுவதில்லை. நல்ல வேளை, காட்டவில்லை.

முடிவு பற்றிப் பலருக்கு மனக்குறை உண்டு, உங்களுக்கும் இருந்திருக்கும். டேவிட் மனமுருகி வேண்டுகிறான், கல்லறைத் தோட்டத்தில் கண் விழிக்கிறான், ஓடிப்போய் மனைவியைத் தடுக்கிறான். இத்தனை இருட்டுக்குப் பிறகு இவ்வளவு சுலபமான விடியலா என்று எனக்கும் முதல் முறை தோன்றியது. பின்னால் மறுபடி பார்த்தபோது கவனித்தது வேறு. மனைவி அவனை உடனே நம்புவதில்லை. எத்தனை முறை ஏமாந்தவள். அவன் அழுவதைப் பார்த்துத்தான் மெல்ல நம்பத் தொடங்குகிறாள். அவன் நோய் குணமாகவில்லை, வறுமை தீரவில்லை, எடித் திரும்பி வரப்போவதில்லை. கடைசியில் அவன் சொல்வது அந்த வண்டியோட்டி சொல்லிக்கொடுத்த வேண்டுதல்: ஆண்டவனே, என் ஆன்மா அறுவடைக்கு முன் முற்றி விளையட்டும். விவசாயம் தெரிந்த எந்த ஊர்க்காரருக்கும் இந்த வேண்டுதலுக்கு விளக்கம் தேவைப்படாது. வண்டியோட்டியின் கையில் அரிவாள் இருந்ததன் காரணமும் அப்போதுதான் பிடிபடுகிறது.

இந்தப் படம் பின்னால் விட்டுச்சென்றது என்ன என்று கேட்டீர்கள். சாதாரணச் செய்திகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1922ல் அமெரிக்காவில் வெளியிட்டபோது ஃப்ளாஷ்பேக்குகளைப் பிரித்து, கதையை ஆரம்பத்திலிருந்து வரிசையாக வரும்படி மாற்றி ஒட்டினார்கள். நேர்வரிசையில் அது வெறும் குடிகாரன் கதையாகிவிடும், நீங்கள் சொன்ன அந்தப் பிரசாரக் கதை. அமைப்பைக் கலைத்தால் படத்தில் எது போய்விடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பிரான்சில் டுவிவியே 1939லும், சுவீடனிலேயே ஆர்னே மாட்சன் 1958லும் இதே கதையை மறுபடி படமாக்கினார்கள். ஷோஸ்ட்ரோம் ஹாலிவுட்டுக்குப் போனார். அங்கே லிலியன் கிஷ்ஷை வைத்து 1928ல் அவர் எடுத்த 'தி விண்ட்' தனியாக ஒரு பதிலுக்குரிய படம். 2012ல் சுவீடனின் 'எஃப்எல்எம்' சினிமா இதழ் நடத்திய வாக்கெடுப்பில், அந்த நாட்டின் எல்லாக் காலத்துக்குமான சிறந்த படமாக 'பாண்டம் கேரேஜ்' தேர்வானது. பெர்க்மன் பிறந்த நாட்டில் பெர்க்மன் படங்களைத் தாண்டி.

பெர்க்மன் இருந்திருந்தால் அதைச் சந்தோஷமாக ஒப்புக்கொண்டிருப்பார். சிறுவயதில் இந்தப் படத்தைப் பார்த்தவர், பிறகு ஒவ்வொரு கோடையிலும் ஒரு முறையாவது பார்ப்பதை வழக்கமாக வைத்திருந்தார். 1957ல் வந்த 'ஏழாவது முத்திரை'யில் மரணம் ஒரு ஆளாக வந்து நிற்பதற்குப் பின்னால் இந்த வண்டியோட்டியின் நிழல் இருக்கிறது. அதைவிட நெருக்கமான உறவும் உண்டு. இளம் பெர்க்மன் தன் முதல் படத்தை எடுத்துத் திணறிக்கொண்டிருந்தபோது, அதே கம்பெனியில் கலை ஆலோசகராக இருந்த கிழவர் ஷோஸ்ட்ரோம், அவர் பிடரியைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடக்கவைத்து, எல்லோரோடும் சண்டை போடாதே, இன்னும் எளிமையாக எடு என்று சொல்லிக்கொடுத்ததைப் பெர்க்மன் தன் வாழ்க்கை நினைவுகளில் எழுதியிருக்கிறார். இந்தப் படம் உருவான கதையை வைத்து எழுதப்பட்ட ஒரு நாடகத்தை 2000ல் டெலிவிஷனுக்காக இயக்கவும் செய்தார்.

படத்தை இன்னொரு முறை பார்க்க நினைத்தால், சாயம் ஏற்றிய பிரதியைத் தேடிப் பாருங்கள். இரவுக் காட்சிகள் நீலமாகவும் விளக்கு எரியும் அறைகள் மஞ்சளாகவும் இருக்கும். அப்போதைய ரசிகர்கள் பார்த்தது அப்படித்தான். சாம்பல் பூத்த மங்கலான பிரதியில் பேய்க்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியாது. மாட்டி பியே 1998ல் அமைத்த இசையோடு கிடைத்தால் இன்னும் நல்லது.

பார்த்து முடித்த கையோடு பெர்க்மனின் 'வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்' படத்தின் முதல் பத்து நிமிடங்களையும் போட்டுப் பாருங்கள். 1957ல் வந்தது. அதில் ஐசக் போர்க் என்ற கிழட்டுப் பேராசிரியர் ஒரு கனவு காண்கிறார். ஆளில்லாத தெரு, முள் இல்லாத கடிகாரம். வளைவில் ஒரு சவ வண்டி வருகிறது, ஓட்டுபவர் யாரும் இல்லை. சக்கரம் விளக்குக் கம்பத்தில் மாட்டி உடைகிறது, பெட்டி கீழே விழுகிறது. உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு கிழவரின் கையைப் பிடித்து இழுக்கிறது. குனிந்து பார்த்தால் பெட்டிக்குள் கிடப்பது அவரேதான். பிறகு படத்தில் சில இடங்களில் அந்தக் கிழவர் தன் கடந்த காலத்துக்குள் போய், யாரையும் தொட முடியாமல், யாருக்கும் தென்படாமல் நின்று பார்க்கிறார்.

அந்தக் கிழவராக நடித்தவர் விக்டர் ஷோஸ்ட்ரோம். அப்போது அவருக்கு 78 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதுதான் அவர் நடித்த கடைசிப் படம். 1960 ஜனவரி 3ஆம் தேதி, புத்தாண்டு பிறந்த மூன்றாம் நாள் அவர் இறந்தார்.